சிரிப்பு கசிந்த காம்ப்ளக்ஸ்

தாராபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற சென்னியாண்டவர் காம்ப்ளக்ஸில், ஆயுத பூஜை முடிந்த மறுநாள் காலையில், மாடிப்படிக் கைப்பிடிக் கம்பி வழியாகச் சிரிப்பு கசிய ஆரம்பித்தது. முதலில் மாட்டிக்கொண்டவர் அலங்கியத்திலிருந்து மகள் கல்யாணத்துக்குத் துணி எடுக்க வந்த ஒரு பெரியம்மா. முழங்கால் வலிக்குத் தோதாகக் கம்பியைப் பிடித்து முதல் படி ஏறினார், களுக்கென்று சிரித்தார், இரண்டாம் படியில் குலுங்கிச் சிரித்தார், அடுத்த படியில் முடியாமல் உட்கார்ந்தே விட்டார். தூக்கிவிடப் போன மகளும் சிரித்தாள், மகளைப் பிடித்த மாப்பிள்ளை வீட்டுச் சித்தப்பாவும் சிரித்தார். பொண்ணு வீட்டாரிடம் பல்லைக் காட்டிவிடக் கூடாதென்று வீட்டில் சொல்லிச் சொல்லி அனுப்பப்பட்ட மனுசன் அவர், பாவம், கடைவாய்ப் பல் வரைக்கும் காட்டிவிட்டார்.

கீழே பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிளாஸும் கையுமாக எட்டிப் பார்த்தார்கள். பேக்கரி நாச்சிமுத்துதான் கட்டடத்து வியாபாரிகள் சங்கத்துக்குத் தலைவர், எதையும் ஆற அமரப் பேசுகிறவர். அவர் பன்னுக்கு வெண்ணெய் தடவுவதை நிறுத்தாமலே, "நேத்துப் பூசைக்குக் கட்டடத்தை மேலுக்கும் கீழுக்கும் தண்ணி ஊத்திக் கழுவி உட்டமல்லோ, அதுக்குக் கூச்சம் எடுத்திருக்குமுங்க" என்றார். எல்லோருக்கும் அது சரியென்றே பட்டது. அதற்குமேல் யாரும் காரணம் கேட்டுத் தலையைப் போட்டு உடைத்துக்கொள்ளவில்லை, டீ ஆறிப்போகும் என்று திரும்பி வந்துவிட்டார்கள்.

கம்பியோடு அது நிற்கவுமில்லை. சில நாட்களுக்குள் கட்டடத்திலிருந்த இரும்பு ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு சிரிப்பைக் கண்டுபிடித்துக்கொண்டது. மாடிப்படிக் கம்பி தந்தது வகுப்பில் வாத்தியாருக்குத் தெரியாமல் பிள்ளைகள் சிரிக்கிற களுக்குச் சிரிப்பு. செருப்புக் கடை ஷட்டரைத் தூக்கினால் தொப்பை குலுங்குகிற சிரிப்பு வந்தது. இரண்டாம் மாடித் தண்ணீர்க் குழாயில் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற ரகம், அதனால் தண்ணீர் குடிக்கப் போனவர்களுக்கெல்லாம் மூக்கில் ஏறியது. ஜெராக்ஸ் கடை இரும்பு ஸ்டூலில் உட்கார்ந்தவர்கள் என்றைக்கோ நடந்த சங்கதி ஒன்றை நினைத்துக்கொண்டு தனியே சிரித்தார்கள், என்ன சங்கதி என்று கேட்டால் சொல்ல மாட்டோம் என்றார்கள். வெறுங்காலோடு தொட்டால் நன்றாகப் பிடித்தது, தோல் செருப்போடு தொட்டால் கொஞ்சம் குறைந்தது. கையை எடுத்த பிறகும் இருமல் போல நாலு தடவை வந்துவிட்டுத்தான் நிற்கும்.

ஊர் அதற்குத் தக்கபடி தன்னை மாற்றிக்கொண்டது. புடவைக்கடையில் பேரம் பேசுகிறவர்கள் பாதிப் பேரத்தில் கம்பியைத் தொட்டுவிட்டு வந்து, எந்த விலையில் விட்டோம் என்று மறந்து, கடைக்காரரும் மறந்து, இரண்டு பேருமே ஜெயித்த மாதிரி வீட்டுக்குப் போனார்கள். மாடியிலிருந்த பல் டாக்டருக்கு யோகம் அடித்தது, படியேறி வருகிறவர்கள் எல்லாம் வாயைத் திறந்துகொண்டே வந்து சேர்ந்ததால் 'ஆ காட்டுங்க' என்று சொல்லுகிற வேலையே அவருக்கு இல்லாமல் போயிற்று. பொண்ணு பார்க்கிற படலங்கள் பேக்கரிக்கு இடம் மாறின, ஏனென்றால் அங்கே இரும்பு நாற்காலி, மாப்பிள்ளையின் அம்மா எவ்வளவு விறைப்பாக வந்தாலும் உட்கார்ந்த பிறகு வேண்டாமென்று சொல்லக் கூடியவராக இல்லை. வீட்டில் யாராவது மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டால், "போயி அந்தக் கம்பியைத் தொட்டுட்டு வா, அப்புறமேட்டுக்குப் பேசிக்கலாம்" என்பது ஊர்ப் பேச்சாகிவிட்டது. சாவு வீட்டுக்குக் கோடித்துணி எடுக்க வருகிறவர்கள் மட்டும் சங்கடப்பட்டார்கள், முதல் நாள் ஒரு குடும்பமே கண்ணீரும் சிரிப்புமாக மாட்டிக்கொண்டு தலைகுனிந்து போனது. மறுநாளே சங்கத்தில் பேசி, படியில் ஒரு ஓரமாக ரப்பர் மேட் விரித்து, பக்கத்தில் மரத்தில் தனிக் கைப்பிடி அடித்து, 'துக்கத்துக்கு வருபவர்கள் இவ்வழியாக' என்று எழுதி வைத்தார்கள். அதை எல்லோரும் மதித்தார்கள், சும்மா வருகிறவன் எவனும் அந்தப் பக்கம் கால் வைக்கவில்லை.

எல்லோருக்கும் சிரிப்பு வந்த அந்தக் கட்டடத்தில் சிரிப்பு வராத ஒரே ஆள் சங்கத்துச் செயலாளர் மைனாவதி.

அதற்குக் காரணம் அவளுடைய குதிகால். குதிகால் வலிக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த எம்.சி.ஆர். ரப்பர் செருப்பை மைனாவதி கடைக்குள்ளும் கழற்றுவதில்லை, வீட்டுக்குள்ளும் கழற்றுவதில்லை. நீலப் பட்டை போட்ட மெத்து மெத்தென்ற அந்தச் செருப்பை வைத்துக்கொண்டு கம்பியைத் தொட்டால் கம்பி சும்மா கம்பியாகத்தான் இருந்தது. இவள் மட்டும் உர்ரென்று நிற்பதைப் பார்த்து, மைனாவதியக்காளுக்குச் சிரிப்பு நரம்பே இல்லை போல என்று ஜனங்கள் பேசிக்கொண்டார்கள். நரம்பு இருந்தது. அது ஒரே ஒரு ஆளிடம் மட்டும் வேலை செய்கிற நரம்பு, அந்த ஆள் ப்ளைவுட் சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள்.

முதல் மாடியில் இன்றைக்கு 'மைனா மேட்சிங் சென்டர்' என்றும் 'கஸ்தூரி மேட்சிங் சென்டர்' என்றும் ஒட்டிக்கொண்டிருக்கிற இரண்டு கடைகளும் ஒரு காலத்தில் ஒரே கடை. அண்ணன் சென்னியப்பனும் தம்பி வேலுச்சாமியும் சேர்ந்து போட்டது, ஆனால் கடையை நடத்தியதெல்லாம் அவர்கள் பெண்டாட்டிகள்தான். புடவையோடு வருகிறவர்களுக்கு அந்தப் புடவையின் கலருக்கு அச்சு அசலாக ஜாக்கெட் துணி எடுத்துக் கொடுக்கிற வேலை. மூத்தவள் மைனாவதியும் ஓரகத்தி கஸ்தூரியும் அந்த வேலையில் ராஜாக்கள். வேலை பார்த்த நேரத்தைவிட இரண்டு பேரும் சிரித்த நேரம் அதிகம். கஸ்தூரி சிரித்தால் நீளமாகச் சிரிப்பாள், சிரித்து முடிக்கிற இடத்தில் 'ஹிக்' என்று ஒரு விக்கல் வரும், அந்த விக்கலைக் கேட்டு மைனாவதிக்கு மறுபடியும் சிரிப்பு வரும், அப்படியே பொழுது போய்விடும்.

சண்டை வந்தது ஒரு பச்சையால். முகூர்த்தப் புடவையோடு வந்த ஒரு கூட்டத்துக்கு மைனாவதி துணியை எடுத்துப் போட்டு, "இது மயில் கழுத்து" என்றாள். கஸ்தூரி எல்லோர் முன்னாலும், "இல்லீங்க, அது ராமர் பச்சைங்க, அக்காளுக்குக் கண்ணு சித்தெ மங்கலு" என்று சொல்லிச் சிரித்துவிட்டாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் வந்தவர்கள் கஸ்தூரி எடுத்த துணியை வாங்கிக்கொண்டு போனார்கள். கலரில் தப்புச் சொல்வதும் பத்தினியைச் சந்தேகப்படுவதும் அந்தத் தொழிலில் ஒன்றுதான். அன்றைக்குப் பேச்சு நின்றது, பேச்சு நின்ற இடத்தில் ப்ளைவுட் சுவர் எழும்பியது, அலுமினியச் சட்டம் போட்டு, நடுவில் வயரை இழுத்து, இரண்டு பக்கமும் பலகை அறைந்து, கடை இரண்டாயிற்று. அண்ணனும் தம்பியும் மட்டும் தினமும் நாச்சிமுத்து பேக்கரியில் ஒன்றாக டீ குடித்துவிட்டு, தனித்தனியாகப் படியேறி வந்தார்கள்.

இந்த ஆயுத பூஜைக்குத்தான் மைனாவதி குலதெய்வம் பொன்னாச்சியம்மன் படத்தை அந்த ப்ளைவுட் சுவருக்கு மாற்றினாள். கல்லாவுக்கு மேலே நன்றாகத்தான் இருந்தது படம். ஆனாலும் சுவருக்கு அந்தப் பக்கம் கஸ்தூரி எந்த இடத்தில் உட்கார்ந்திருப்பாள் என்று குத்துமதிப்பாகத் தெரியும், அந்த இடத்தில் தானே ஸ்டூல் போட்டு ஏறி நீள ஆணி அடித்தாள். அடிக்கும்போது அந்தப் பக்கமிருந்தும் டொக் டொக் என்று கேட்டது, தன் சத்தந்தான் திரும்பி வருகிறது என்று நினைத்துக்கொண்டாள். சூடம் காட்டி, கண்ணை மூடி, அவ பேசினா நானும் பேசறேன் தாயே என்று வேண்டிக்கொண்டாள். மறுநாளிலிருந்து கஸ்தூரி சிரிக்க ஆரம்பித்தாள். வாசல் கிரில்லைத் தொட்டுச் சிரித்தாள், ஷட்டரைத் தொட்டுச் சிரித்தாள், வந்தவர்களோடு சேர்ந்து சிரித்தாள், ஒவ்வொரு சிரிப்பும் கடைசியில் ஹிக் என்று முடிந்தது. இந்தப் பக்கம் மைனாவதி அளந்த துணியை மறுபடி மறுபடி அளந்துகொண்டு அதைக் கேட்டாள். ஒரு ஆளுக்காக இவ்வளவு ஏங்குவோம் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

கட்டடத்துக்கு இன்சூரன்ஸ் புதுப்பிக்க வேண்டுமென்றால் வயரிங்கைச் சோதித்து ஒரு சான்று வாங்கித் தர வேண்டும். அதற்காக வந்தவர் இன்ஜினியர் ஹபீபுல்லா. ஒல்லியான மனுசன், இன் பண்ணின சட்டை, கையில் மீட்டர், முகத்தில் எப்போதும் யாரோ சொன்ன கெட்ட செய்தியைக் கேட்டுக்கொண்டிருப்பது போல ஒரு கவலை. முதல் நாள் படியேறும்போதே கம்பியைப் பிடித்துவிட்டார். சிரித்துக்கொண்டே மெயின் போர்டைத் திறந்தார், சிரித்துக்கொண்டே மீட்டரை மாட்டினார், மீட்டர் காட்டியதைப் பார்த்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அப்போதும் சிரிப்பு நிற்கவில்லை. "செயலாளரம்மா," என்று மைனாவதியிடம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சொன்னார், "எங்கியோ வயர் அடிபட்டிருக்குதுங்க. கரண்ட் கசியுது. இது சிரிக்கிற விசயமே இல்லீங்க." சொல்லிவிட்டுப் படியில் உட்கார்ந்து சிரித்தார்.

கரண்ட் கசிந்தால் தன்னால் மெயினை வெட்டிவிடுகிற ட்ரிப்பர் ஒன்றை அவர் வாங்க வைத்து மாட்டிவிட்டுப் போனார். அது யோக்கியமாக வேலை செய்தது, அதுதான் வம்பாகிவிட்டது. கம்பியை ஒருவர் தொட்டால் போதும், களுக்கென்று ஒரு சிரிப்பு, டப்பென்று கட்டடம் முழுக்க இருட்டு. பல் டாக்டர் பாதிப் பல்லோடு நின்றார், ஜெராக்ஸ் மெசின் பாதி ஆதார் கார்டோடு நின்றது. மூன்றாம் நாள் நாச்சிமுத்துவே ஆள் வைத்து ட்ரிப்பருக்கு வெளியே வயரைச் சுற்றி எடுத்து நேராகக் கொடுத்துவிட்டார். வாங்கிய பொருளைத் தூக்கி எறிய மனசு வராமல், போர்டிலேயே விட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை பூவும் போட்டார்கள். நம் ஊரில் வேலை செய்கிற எதையும்விட வேலை செய்யாததற்குத்தான் மரியாதை அதிகம்.

ஹபீபுல்லா திரும்பி வந்து பூ வைத்த ட்ரிப்பரைப் பார்த்தார். இந்தத் தடவை ரப்பர் பூட்ஸ் போட்டு வந்திருந்ததால் சிரிக்கவில்லை. சங்கத்தைக் கூட்டச் சொன்னார். "கட்டடத்தை முழுசா ஆப் பண்ணி, ஒவ்வொரு கடையா வயரைப் பிரிச்சுப் பாக்கோணுமுங்க. மழை வரப் போவுது. இப்பச் சிரிக்க வெக்கிற இதே கசிவு, ஈரம் ஏறுனா ஆளைப் புடிச்சுக்கும், உடாது" என்றார்.

"தீபாவளிக்கு முன்னாடி எப்பிடிங்க ஆப் பண்றது?" என்றார் செருப்புக் கடைக்காரர். "வருசத்துக்கு ஒரு சீசன். பல்லடத்துல இருந்தெல்லாம் சிரிக்கறதுக்குன்னே பஸ் ஏறி வர்றாங்க."

"தீபாவளி முடியட்டுமுங்க," என்றார் நாச்சிமுத்து. "மறுநாளே பிரிச்சுப் போட்டறலாம். என்ன மைனாவதியம்மிணி, நீங்க சொல்றதுதான். உங்க கையெழுத்து இல்லாம ஆப் பண்ண முடியாது."

மைனாவதிக்கு இன்ஜினியர் சொன்னது புரியாமல் இல்லை, செயலாளராக அவள் ஒருபோதும் ஒரு பல்பைக் கூட பீஸ் போன பிறகு விட்டு வைத்தவள் கிடையாது. ஆனால் அந்த நேரம் பார்த்து, கூட்டத்தின் பின்வரிசையில் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்த கஸ்தூரி சிரித்தாள், ஹிக் என்று முடித்தாள். கசிவு நின்றால் இதுவும் நிற்கும், மறுபடி அந்தப் பலகைக்குப் பின்னால் கத்திரிக்கோல் சத்தம் மட்டுந்தான் கேட்கும். "தீபாவளி முடியட்டும்" என்றாள் மைனாவதி. வியாபாரத்துக்காகச் சொன்னாள் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். ஹபீபுல்லா மீட்டரைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

ஐப்பசி மழை அந்த வருசம் வஞ்சகமில்லாமல் பெய்தது. சுவரெல்லாம் ஓதம் ஏறியது, ஓதம் ஏற ஏறச் சிரிப்பு கனத்துக்கொண்டே போனது. முன்பு நாலு தடவையோடு நின்றது இப்போது பஸ் ஏறியும் நிற்கவில்லை, மூலனூர் போகிற பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் கிழிக்க முடியாமல் தவித்தார். சிரித்துச் சிரித்து விலா வலித்தவர்கள் மருந்துக் கடையில் தைலம் வாங்கித் தேய்த்துக்கொண்டு மறுநாளும் வந்தார்கள். ஒரு அண்ணன் தம்பி பாகப்பிரிவினை பேச வந்து, கம்பியைப் பிடித்துச் சிரித்து, வயலை எந்தப் பக்கம் பிரிப்பதென்று தெரியாமல் பிரிக்காமலே போனார்கள். ஒரு அத்தைக்காரி சிரிப்பு அடங்காமல் மயக்கம் போட்டு விழுந்தபோதுகூட, தண்ணீர் தெளித்து எழுப்பியதும், "இன்னொருக்காத் தொட்டுட்டுப் போறனே" என்றுதான் கேட்டாள். ஊரே கிறுகிறுத்துக் கிடந்தது, அந்தக் கிறுகிறுப்பு எல்லோருக்கும் பிடித்திருந்தது.

அப்படி ஒரு மத்தியானம், கடையில் கூட்டமில்லாத நேரம், மைனாவதி வெளியே வந்து கம்பிக்குப் பக்கத்தில் நின்றாள். இரண்டு பக்கமும் பார்த்தாள். வலது கால் செருப்பைக் கழற்றினாள். வெறுங்கால் மொசைக் தரையில் பட்டதே எத்தனையோ நாளைக்குப் பிறகு ஜில்லென்று இருந்தது. இடது செருப்பையும் கழற்றக் காலைத் தூக்கினாள். அந்த நேரத்தில் கஸ்தூரி டீ பிளாஸ்க்கோடு படியேறி வந்தாள். ஒற்றைச் செருப்போடு நிற்கிற ஓரகத்தியைப் பார்த்தாள், என்னவோ கேட்க வாயெடுத்தாள். மைனாவதி மளமளவென்று செருப்பை மாட்டிக்கொண்டு, கூரையில் ஒட்டடை பார்க்க வந்தவள் மாதிரி மேலே பார்த்துக்கொண்டு கடைக்குள் போய்விட்டாள். போய் உட்கார்ந்து, இதுக்கு மேல கேவலம் இருக்குதா என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, காலையிலிருந்தே அடித்து ஊற்றியது. மழைக்குப் பயந்தவர் யாருமில்லை, படியெல்லாம் ஜனம், ஜனம் கொண்டுவந்த ஈரம். மைனாவதி ஒரு பெண்ணுக்கு டூ பை டூ துணியில் மெரூன் தானை இறக்கிக்கொண்டிருந்தாள். பலகையில் சுற்றின முழுத் துணித்தான், கை கனத்தது. ப்ளைவுட் சுவருக்கு அந்தப் பக்கம் கஸ்தூரி, வராந்தா வடிகால் அடைத்து வாசலில் ஏறின மழைத்தண்ணீரைத் தள்ளிவிட்டுக்கொண்டு வந்தவள் கிரில்லைப் பிடித்தாள் போல, சிரிக்க ஆரம்பித்தாள். மைனாவதி வழக்கம்போலக் காதைக் கொடுத்தாள். சிரிப்பு ஏறியது, நீண்டது, இறங்கப் போகிற இடத்துக்கு வந்தது, இறங்கவில்லை. மறுபடி ஏறியது. மைனாவதியின் கை தானில் நின்றது. இந்த இடத்தில் ஹிக் வர வேண்டும். வரவில்லை. அந்தப் பெண் "அக்கா, முக்கால் மீட்டர்" என்றாள். சிரிப்பு இப்போது சிரிப்பாக இல்லாமல் ஒரே சுருதியில் இழுபட்டது, அதற்குள்ளே கஸ்தூரியே இல்லை.

மைனாவதி துணித்தானும் கையுமாக வெளியே ஓடினாள். அங்கே ஒரு கூட்டமே கஸ்தூரியைச் சுற்றி நின்று, கஸ்தூரி சிரிக்கிறாளென்று தானும் சிரித்துக்கொண்டிருந்தது. உள்ளங்கால் நனைகிற தண்ணீரில் வெறுங்காலோடு நின்றாள் அவள், கை கிரில்லோடு ஒட்டியிருந்தது, வாய் திறந்திருந்தது, கண்ணில் சிரிப்பு இல்லை, பயம் மட்டும் இருந்தது. யாரோ பிடித்து இழுக்கக் கை நீட்டினார்கள். "தொடாதீங்க" என்று கத்திக்கொண்டே மைனாவதி எம்.சி.ஆர். செருப்போடு தண்ணீரில் இறங்கி, மெரூன் தானை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கி, ஓரகத்தியின் மணிக்கட்டில் ஓங்கி ஒன்று வைத்தாள். கை விடவில்லை. இன்னொன்று வைத்தாள். மூன்றாவதில் கை பிய்த்துக்கொண்டு வந்தது, கஸ்தூரி துணி மூட்டையாகப் பின்னால் சாய்ந்தாள், துணித்தானும் அவிழ்ந்து இரண்டு பேர் மேலும் விழுந்தது.

அத்தனை வருசத்துப் பகை கடைசியில் அடிதடிக்கே வந்துவிட்டது என்று நினைத்து, கீழே டீ குடித்துக்கொண்டிருந்த சென்னியப்பனும் வேலுச்சாமியும் ஆளுக்கொரு படியாகத் தாவி வந்து, யாரை யாரிடமிருந்து பிரிப்பது என்று தெரியாமல் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். "நாச்சிமுத்தண்ணா, மெயினை ஆப் பண்ணுங்க," என்று மைனாவதி கீழே பார்த்துச் சத்தம் போட்டாள். "கையெழுத்துப் போட்டுட்டேன்னு வெச்சுக்குங்க. இப்பவே ஆப் பண்ணுங்க." மெயின் அணைந்தது. மாடிப்படியில், கடைகளில், மொட்டை மாடியில், எங்கெங்கோ நடந்துகொண்டிருந்த சிரிப்பெல்லாம் ஒரே நேரத்தில் நின்று, மழைச் சத்தம் மட்டும் கேட்டது. அந்த அமைதியில் கஸ்தூரி மூச்சை இழுத்தாள், இருமினாள், அழுதாள். மைனாவதி அவள் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "என்ற தப்பு சாமி, என்ற தப்பு" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். என்ன தப்பு என்று சுற்றி நின்ற யாருக்கும் விளங்கவில்லை.

நாடி பார்த்து, நெஞ்சு பார்த்து, ஆஸ்பத்திரியில் ஒன்றுமில்லையென்று சொல்லி அனுப்பினார்கள், உள்ளங்கையில் கம்பி பட்ட இடம் மட்டும் வெந்திருந்தது. வீட்டுக்குப் போய்ப் படு என்று சொன்னால் கேட்காமல், கையில் மருந்துக் கட்டோடு கஸ்தூரி சாயங்காலம் கடைக்கே வந்தாள். அதற்குள் ஹபீபுல்லா வந்து, ஒவ்வொரு வயராகப் பிரித்துப் பிரித்து, கசிவு எங்கே என்று மீட்டரை வைத்துத் தேடிக்கொண்டே வந்து, முதல் மாடி ப்ளைவுட் சுவருக்கு முன்னால் நின்றுவிட்டார். "இதுக்குள்ளதானுங்க" என்றார். "இதைப் பிரிச்சாகோணும்."

அண்ணனும் தம்பியும் பெண்டாட்டிகளைப் பார்த்தார்கள். மைனாவதி பொன்னாச்சியம்மன் படத்தை இறக்கி வைத்தாள். அந்தப் பக்கம் கஸ்தூரியும் எதையோ இறக்கி வைத்த சத்தம் கேட்டது. கடப்பாரையை நெம்பிப் பலகையைக் கழற்றியதும் எல்லோரும் கிட்டப் போய்ப் பார்த்தார்கள். நடுவில் ஓடுகிற வயரை இந்தப் பக்கத்து ஆணி ஒன்று துளைத்திருந்தது, அதே இடத்தில் ஒரு விரற்கடை தள்ளி அந்தப் பக்கத்து ஆணி ஒன்று துளைத்திருந்தது, இரண்டு ஆணியும் அலுமினியச் சட்டத்தைத் தொட்டுக்கொண்டிருந்தன. அந்தச் சட்டம் வாசல் கிரில்லோடு சேர்ந்தது, கிரில் மாடிப்படிக் கம்பியோடு சேர்ந்தது. ஹபீபுல்லா ஆணி அடித்தது யாரென்று கேட்டார். மைனாவதி தன் படத்தைக் காட்டினாள். கஸ்தூரி குனிந்து தன் பக்கத்திலிருந்து அதே பொன்னாச்சியம்மனை, அதே சட்டம் போட்ட படத்தை எடுத்துக் காட்டினாள். ஆயுத பூஜையன்று இரண்டு பேரும் சுவருக்கு இரண்டு பக்கமும் ஒருவரை ஒருவர் பார்த்து நின்றுதான் கண்ணை மூடிக் கும்பிட்டிருக்கிறார்கள். என்ன வேண்டிக்கொண்டாய் என்று அவர்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளவில்லை.

நன்றாக இருட்டுவதற்குள் புது வயர் இழுத்து, குழாய்க்குள் போட்டு, ட்ரிப்பருக்குச் சுற்றிவிட்ட வயரை வெட்டி எறிந்து, பூவையும் சந்தனத்தையும் துடைத்து அதற்கு மறுபடி வேலை கொடுத்தார் ஹபீபுல்லா. கரண்ட் வந்தது. ஜனமெல்லாம் படிக்கு ஓடிக் கம்பியைப் பிடித்தது. கம்பி சும்மா இருந்தது. செருப்புக் கடைக்காரர் தன் ஷட்டரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு, சொந்தக்காரர் பேச்சை நிறுத்தியது போல முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார். துக்கத்துக்கான ரப்பர் மேட்டைச் சுருட்ட யாருக்கும் மனசு வரவில்லை. நாச்சிமுத்து கம்பியை இரண்டு கையாலும் ரொம்ப நேரம் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு, "ஏனுங் இன்ஜினியரே, கொஞ்சூண்டு உட முடியாதுங்களா?" என்று கேட்டார்.

"கொஞ்சூண்டுன்னு ஒண்ணு இதுல இல்லீங்க" என்றார் ஹபீபுல்லா.

மேலே, சுவர் போன பிறகு அகலமாகிவிட்ட கடையில், பலகைத் தூளுக்கு நடுவே இரண்டு பேர் மட்டும் இருந்தார்கள்.    மைனாவதி சும்மா இருக்க முடியாமல், அவிழ்ந்து நனைந்து கிடந்த துணித்தானை எடுத்து மறுபடி பலகையில் சுற்ற ஆரம்பித்தாள். சுற்றிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல், "இந்த மெரூன் தான் மட்டும் கைக்குச் சிக்கலீன்னா..." என்று ஆரம்பித்து, அதற்குமேல் முடியாமல் நிறுத்தினாள்.

கஸ்தூரி கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு தானைப் பார்த்தாள். தலையைச் சாய்த்து இன்னொரு தடவை பார்த்தாள்.

"அது மெரூன் இல்லீங்க்கா," என்றாள். "அரக்கு."

சென்னியப்பனும் வேலுச்சாமியும் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். மறுபடி பலகை வாங்க வேண்டுமா என்பது போலத் தம்பி அண்ணனைப் பார்த்தான். மைனாவதி எழுந்தாள், தானை ட்யூப் லைட்டுக்குக் கீழே கொண்டு போனாள், விரித்துப் பார்த்தாள், மடித்துப் பார்த்தாள், கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். திரும்பி வந்து கஸ்தூரிக்குப் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தாள்.

"நாளைக்குக் காத்தால கண்ணாஸ்பத்திரிக்குப் போலாம்," என்றாள். "எனக்குக் காட்டிட்டு அப்பிடியே உனக்கும் காட்டிட்டு வந்தறலாம்."

கஸ்தூரிக்கு முதலில் தோள் குலுங்கியது, பிறகு வாய் திறந்தது, சிரிப்பு ஏறியது, நீண்டது, இறங்க வேண்டிய இடத்துக்கு வந்து ஹிக் என்று இறங்கியது. அந்த விக்கலைக் கேட்டு மைனாவதிக்கு எங்கேயோ அடைத்துக் கிடந்தது பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது. அவள் சிரித்த சிரிப்பில் கவுண்டரிலிருந்த கத்திரிக்கோல் நகர்ந்து கீழே விழுந்தது. கஸ்தூரியின் மேலே சாய்ந்து சிரித்தாள், சுவர் இருந்த இடத்தில் கையை ஊன்றப் போய்ச் சுவர் இல்லாமல் அப்படியே சரிந்து சிரித்தாள், இரண்டு பொன்னாச்சியம்மனும் தரையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சத்தம் கீழே கேட்டதும் கூட்டம் அலறிப் புடைத்துக்கொண்டு மறுபடி கம்பிக்கு ஓடியது, ஆளுக்கொரு கையாகப் பிடித்துப் பார்த்தது, ஒன்றுமில்லை. ஹபீபுல்லா பதறிப்போய் மேலேறி வந்து, கிரில்லில் மீட்டரை வைத்தார், சட்டம் இருந்த இடத்தில் வைத்தார், சந்தேகத்துக்கு இரும்பு ஸ்டூலிலும் வைத்தார். எல்லா இடத்திலும் பூஜ்யந்தான் காட்டியது. மீட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, கடைசியில் அவர் மைனாவதியின் காலைப் பார்த்தார். நீலப் பட்டை எம்.சி.ஆர். செருப்பு காலில் அப்படியேதான் இருந்தது.